டீச்சரைக் கேளுங்கள்: ஐந்துக்கும் எட்டுக்கும் ஓர் அங்குலம்

இரண்டு இதழுக்கு முன்னால் இந்தப் பகுதியில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 'நான் புளியந்தோப்பில் செருப்பு தைக்கிறவர் மகள்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் டீச்சராக இருந்தும் வகுப்பில் ஒரு நாளும் சொல்லாத வரி அது. அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. ஆகவே இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். எழுதியவர்களின் பேரைப் போடவில்லை, பேட்டை பேர் மட்டும்தான். ஏன் என்பது முதல் கடிதத்திலேயே தெரியும்.

என் வீட்டுக்காரர் பெரம்பூர் பாலத்துக்குக் கீழே செருப்பு ரிப்பேர் செய்கிறார். மகன் நாலாவது படிக்கிறான். ஏதோ படிவம் நிரப்புவதற்காக ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி 'அப்பாவுக்கு என்ன வேலை' என்று கேட்டிருக்கிறார்கள். இவன் சொன்னதும் பின்னாடி ஒரு பையன் மூக்கைப் பொத்திக் காட்டினானாம். அன்றிலிருந்து வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறான். படிவத்தில் 'பிசினஸ்' என்று மாற்றச் சொல்லலாமா டீச்சர்?
— ஒரு தாய், ஓட்டேரி

அந்த வயிற்று வலி பொய் இல்லை அம்மா. எனக்கும் வந்திருக்கிறது.

எங்கள் நைனா முதலில் வீட்டிலேயே செருப்பு செய்து கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியமேட்டில் போய்த் துண்டுத் தோல் வாங்கி வருவார். ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் தட்டுகிற சத்தம் கேட்கும், அது கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்புறம் ரப்பர் ஹவாய் செருப்பு வந்தது. விலையில் அதோடு யார் போட்டி போட முடியும்? கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கை விரித்தார்கள். நான் ஏழாவது படிக்கும்போது நைனா ஒரு மரப்பெட்டியையும் கோணியையும் எடுத்துக்கொண்டு தெருமுனையில் ரிப்பேருக்கு உட்கார்ந்தார். அது நான் பள்ளிக்கூடம் போகிற வழி.

முதல் நாள் கூட்டாளிகள் நாலு பேரோடு அந்த வழியாக வந்தேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் எதிர்ப்பக்கம் இருந்த சினிமா போஸ்டரைப் பார்த்துக்கொண்டே போய்விட்டேன். மறுநாள் அந்த முனையில் அவர் இல்லை. இரண்டு தெரு தள்ளி, ஆடு வெட்டுகிற ஆடுதொட்டிப் பக்கமாகப் போய் உட்கார்ந்திருந்தார். அங்கே ஆள் நடமாட்டம் குறைவு, வரும்படியும் குறைவு. ஏன் இடம் மாறினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் போய்ச் சேரும்வரை கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. தோல் உரிப்பவர், தோல் பதனிடுபவர், மலம் அள்ளுபவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி உதவித்தொகை உண்டு. அதன் பேரே 'சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கு' என்று நீளமாக இருக்கும். சுற்றறிக்கை வந்தது. நான் அதை அப்படியே சத்தமாகப் படித்துவிட்டு, 'இந்த மாதிரி யார் யார் இருக்கீங்க, எழுந்திருங்க' என்றேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. யார் எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் நோட்டின் ஓரத்தைக் கிழித்துக் கிழித்துச் சின்ன உருண்டையாக்கிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவளுக்குப் பணம் வரவில்லை. அந்தப் பேரை மத்திய அரசு பிற்பாடு கொஞ்சம் மாற்றியது. நான் மாறியது அதற்கு முன்னாலேயே; அடுத்த வருஷத்திலிருந்து வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

அதனால் உங்கள் மகனின் ஆசிரியர் கெட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். யோசிக்காதவராக இருக்கலாம். மதியம் பள்ளி விடுகிற சமயம் பார்த்துத் தனியாகப் போங்கள். 'படிவத்துக்கு வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பச் சொல்லுங்க, எழுப்பி நிறுத்திக் கேக்காதீங்க' என்று சொல்லுங்கள். மூக்கைப் பொத்தின பையனையும் சும்மா விடக்கூடாது, ஆனால் அவனை வகுப்பில் நிறுத்தி அவமானப்படுத்தவும் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஆசிரியரே கேலி செய்கிறவராக இருந்தால் கதை வேறு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிப்பதை மட்டுமில்லாமல் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும். அங்கே சொல்லலாம், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் போட்டும் சொல்லலாம்.

'பிசினஸ்' வேண்டாம். அப்பா தொழிலைச் சொல்லக்கூடாது என்று நீங்களே அவனுக்கு எழுதிக் காட்டின மாதிரி ஆகிவிடும். 'காலணித் தொழிலாளி' என்று எழுதுங்கள். உங்கள் வீட்டுக்காரர் உட்காரும் இடத்தை மட்டும் மாற்ற விடாதீர்கள்.

செருப்பு தைக்கும் குடும்பத்தில் பிறந்தும் டீச்சர் ஆகியிருக்கிறீர்கள். எப்படி முடிந்தது?
— வாசகர், கொளத்தூர்

'பிறந்தும்' என்பதில் இருக்கிற அந்த 'உம்'மை எடுத்துவிடுங்கள், சொல்கிறேன்.

1920-களில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் எல்.சி. குருசாமி. எங்கள் அருந்ததிய மக்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினவர். பகலெல்லாம் தோல் வேலை செய்த ஆட்கள் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்து படித்தார்கள். எங்கள் தாத்தா அப்படி ஒரு பள்ளியில்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாராம். நைனா ஐந்தாவது வரை. நான் அதற்கு அடுத்த படி. நடுவில் மதியச் சாப்பாடு என்று ஒன்று இருந்தது. அது இல்லாவிட்டால் நானும் நாலாவதோடு பெரியமேட்டில் தோல் துண்டு பொறுக்கப் போயிருப்பேன். இப்போது 2022-லிருந்து காலைச் சாப்பாடும் போடுகிறார்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகிற வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கொளத்தூரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள்.

வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுகிறோம். பெண் ஒன்றாவது போகிறாள், தமிழில் தடுமாறுகிறாள். இனிமேல் வீட்டிலும் தமிழே பேசுங்கள் என்று சொல்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு தந்தை, புளியந்தோப்பு

எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். புத்தகத்தில் இருக்கிற தெலுங்கு இல்லை, எங்கள் தெருத் தெலுங்கு. ஒன்றாவதில் சேர்த்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ எனக்குத் தாகம். எழுந்து நின்று, 'டீச்சர், நீள்ளு காவாலி' என்றேன். தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். தமிழில் 'காவாலி' என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. முதுகில் ஒன்று வைத்து, 'இந்த வயசுல என்ன பேச்சு பேசுது பாரு' என்று வெளியே நிறுத்திவிட்டார். எதற்கு அடி விழுந்தது என்றே எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கேட்டால் அடிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் முழுக்கப் பள்ளியில் வாயைத் திறக்கவே இல்லை. 'மக்கு' என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இப்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் போனது.

வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். ஆயாவோடு, அதாவது பாட்டியோடு, பேச அவளுக்கு வேறு பாஷை கிடையாது. அதற்குப் பதிலாக, முதல் மாதத்திலேயே ஆசிரியரிடம் 'எங்க வீட்டுல தெலுங்கு' என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர், பசி, ஒன்றுக்கு, வலிக்குது, புரியல என்று ஒரு பத்து வார்த்தையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் தமிழில் சொல்லிக்கொடுங்கள். 2006-ல் சட்டம் வந்ததிலிருந்து முதல் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயப் பாடம், அதிலிருந்து தப்பிக்க வழி தேட வேண்டியதில்லை. தெருவில் விளையாட விடுங்கள் போதும். ஆறு மாதத்தில் நம்மையே திருத்துவாள்.

கைத்தொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலையே பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் படிப்பிலும் ஆர்வம் வரும், தொழிலும் அழியாது. இதை ஏன் நீங்கள் ஆதரிக்கக்கூடாது?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

நல்ல மனசோடு கேட்கிறீர்கள் ஐயா, அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்வதை 1953-ல் ராஜாஜி செய்து பார்த்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று ஊரே கொதித்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அதைக் கைவிட்டார். 2023-ல் மத்திய அரசு, கைத்தொழில் செய்கிறவர்களுக்குக் கடன் கொடுக்கிற விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோதும் அதே வாசனை அடித்தது. பதினெட்டுத் தொழில்களில் செருப்பு தைப்பதும் ஒன்று. பதினெட்டு வயது ஆனால் சேரலாம். பதினெட்டு வயதில் பிள்ளையின் கழுத்தில் காலேஜ் அட்டை தொங்க வேண்டுமா, கையில் குத்தூசி இருக்க வேண்டுமா? தமிழ்நாடு அரசு 35 வயது என்று மாற்றக் கேட்டது, நடக்காததால் 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகவே கொண்டுவந்தது. முப்பத்தைந்து வயதில் ஒருவர் தன் தொழிலுக்குக் கடன் வாங்குவதை யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் உங்கள் கேள்வியின் இன்னொரு பாதி எனக்கும் பிடித்ததுதான். செருப்பு தைக்கிற தொழிலில் எவ்வளவு கணக்கு இருக்கிறது தெரியுமா?

ஒரு சமயம் ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. ஆப்பிளை வெட்டிப் படம் போட்டாயிற்று, சப்பாத்தியை வெட்டியாயிற்று, ஒன்றும் ஏறவில்லை. (புளியந்தோப்புப் பிள்ளைகளுக்கு ஆப்பிளில் பின்னம் சொல்லிக்கொடுக்க யார் கண்டுபிடித்தார்களோ.) கடைசியில் என் செருப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீளத்தில் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். 'அப்ப அஞ்சாம் நம்பருக்கும் எட்டாம் நம்பருக்கும் எவ்வளவு?' என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து, 'ஒரு இஞ்ச் டீச்சர்' என்று ஒரு குரல். அதுவரைக்கும் அந்தப் பையன் வகுப்பில் 'உள்ளேன் ஐயா'வைத் தவிர எதுவும் சொன்னதில்லை.

அவன் அப்பா செருப்பு செய்கிறவர். மறுநாள் பழைய நியூஸ்பேப்பர் கொண்டுவந்தோம். எல்லோரும் காலை வைத்து வரைய ஆரம்பித்தார்கள். அவன் ஒவ்வொருத்தராகப் போய்க் கையைப் பிடித்து, 'பென்சிலை நேரா நிறுத்துடா, சாய்ச்சா கால் பெருத்துடும்' என்றான். இடது காலை வெட்டி எடுத்த காகிதத்தைத் திருப்பிப் போட்டால் வலது கால் வரும் என்று காட்டினான். சமச்சீர் என்று பாடப்புத்தகம் ஒரு பக்கம் முழுக்கச் சொல்லுவதை அவன் ஒரு திருப்பலில் முடித்தான். தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், அதனால் எந்தத் துண்டை எங்கே வைத்து வெட்டுவது என்று யோசிக்காமல் கத்தியை வைக்கக்கூடாது என்றும் சொன்னான். ஒரு தோலில் எத்தனை ஜோடி தேறும் என்பது பரப்பளவுக் கணக்கு. நைனா அதைக் கண்ணாலேயே போடுவார்.

கவனித்தீர்களா, அந்த வகுப்பில் காலை வரைந்தது எல்லாப் பிள்ளைகளும். மளிகைக் கடைக்காரர் பிள்ளை, ஆட்டோ ஓட்டுகிறவர் பிள்ளை, அர்ச்சகர் பேரன் ஒருத்தன் இருந்தான், அவனும். செருப்பு தைக்கிறவர் பிள்ளையை மட்டும் தனியாக உட்காரவைத்துக் குத்தூசி கொடுத்திருந்தால் அதற்குப் பேர் வேறு. ரயில்வேக்காரர் மகனுக்கு மட்டும் நட்டு முடுக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கு உங்கள் பிள்ளையை அனுப்பியிருப்பீர்களா ஐயா?

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், இவன் பை தைக்கிற பட்டறைக்குப் போனான். ஒரு நல்ல கணக்கு வகுப்பு அதையெல்லாம் தடுத்துவிடாது.

சாதிச் சான்றிதழில் ஆதி ஆந்திரா என்று இருக்கிறது. அருந்ததியர் உள் ஒதுக்கீடு எங்களுக்கு வருமா? என் கணவர் தோல் செருப்பு செய்கிறார். தோல் வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளுக்கு உண்டு என்கிற உதவித்தொகை கிடைக்குமா?
— வாசகி, வியாசர்பாடி

வரும். அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்காக 2009-ல் வந்த சட்டத்தில் ஏழு சாதிப் பேர்கள் இருக்கின்றன, ஆதி ஆந்திரா அதில் ஒன்று. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் முன்னுரிமையாக வரும், மீதியிலும் போட்டி போடலாம். வழக்கு நடந்து, 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. பழைய சான்றிதழாக இருந்தால் உட்பிரிவு தெரிகிற மாதிரி இப்போதே புதிதாக வாங்கிவையுங்கள். கல்லூரி விண்ணப்பம் போடுகிற வாரத்தில் தாலுகா ஆபீசில் நிற்காதீர்கள்.

அந்த உதவித்தொகைக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் பட்டியலில் தோல் உரிப்பவரும் பதனிடுபவரும் உண்டு, செருப்பு தைப்பவர் இல்லை. தோலைப் பதப்படுத்தினால் சுகாதாரக் குறைவு, அதையே செருப்பாக்கினால் சரியாகிவிடும் போல! உங்கள் பிள்ளை பத்தாவது தாண்டினால் வேறு உதவித்தொகை உண்டு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பெண் பிள்ளை ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். அதை 2022-ல் தொடங்கிவைத்ததே நம் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள். பையன் ஒரு மாதமாக வீட்டில் இருக்கிறான்.
— முன்பு பேசின் பிரிட்ஜ் பக்கம், இப்போது பெரும்பாக்கம்

இதற்குக் கதை சொல்ல நேரமில்லை. நாளைக்குக் காலையில் போங்கள். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 5-வது பிரிவு. வயதுச் சான்றிதழ் இல்லை என்றும் மறுக்கக்கூடாது, 14-வது பிரிவு. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மறுத்தால் மறுப்பதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தருவதற்குப் பதில் சேர்த்துக்கொள்வார்கள்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன் டீச்சர். காலணி வடிவமைப்பு படிக்க ஆசை. படம் நன்றாக வரைவேன். ஆயாவிடம் சொன்னதும், 'மறுபடியும் அதே செருப்பா' என்று அழ ஆரம்பித்துவிட்டது. நான் என்ன செய்ய?
— மாணவி, பட்டாளம்

முதலில் ஆயாவோடு சண்டை போடாதே கண்ணு. நீ கம்ப்யூட்டரில் வரையப் போகிறாய் என்பது உனக்குத் தெரியும். ஆயா கண்ணுக்குத் தெரிவது கோணிச்சாக்கும் வெயிலும், காலை நீட்டிக்கொண்டே 'சீக்கிரம் போடு' என்று பேர் சொல்லாமல் அதட்டுகிற ஆட்களும். அந்த அழுகையில் ஒரு தப்பும் இல்லை.

இடங்களைச் சொல்கிறேன். கிண்டியில் 1957-லிருந்து மத்தியக் காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பட்டயப் படிப்பு உண்டு. கணக்கும் வேதியியலும் உனக்கு வருமென்றால் அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் பி.டெக். இருக்கிறது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கிற படிப்பு அது. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படிக்கிறாய் என்றால் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடும் உனக்கு உண்டு. ஒரு நாள் ஆயாவையும் கூட்டிக்கொண்டு கிண்டிக்குப் போய், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வா. அங்கே படிக்கிறவர்கள் எந்தெந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று ஆயாவே விசாரிக்கட்டும், அது விசாரிக்காமல் விடாது.

பிடித்திருந்தால் சேர். 'உங்க ரத்தத்திலேயே இருக்கே' என்று யாராவது சொல்லி உன்னை அங்கே தள்ளினால் மட்டும் படிவத்தை மடித்து வைத்துவிட்டு வேறு படிப்பைப் பார்.

படித்து முடித்து முதல் ஜோடி செய்யும்போது எனக்கு எழுது. என்னுடையது ஐந்தாம் நம்பர். இடது கால் வலதைவிட ஒரு நூல் பெரிசு. நைனா அதை அளக்காமலேயே சொல்லுவார்.